ஆர்ச்சியின் கழுத்துப் பொத்தான்

கத்பர்ட் ஆல்டர்சன் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றது காகிதத்தில் மட்டும்தான். ஹார்ல்பி ஊரில் யாரும் அதை நம்பவில்லை. பால்காரன் வாசலில் வைத்துவிட்டுப் போகிற இரண்டு புட்டிகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கொடியில் காய்கிற துணிகளில் சட்டைகள் ஒரு பக்கமும் காலுறைகள் ஒரு பக்கமுமாக அணிவகுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரின் அங்கியில் ஒரு கொக்கி மாட்டாமல் விட்டுப்போனால், பிரசங்கம் முடிகிற வரைக்கும் கத்பர்ட்டின் கண் அதை விட்டு நகராது. பாவம் பாதிரியார், தெருவில் கத்பர்ட்டைக் கண்டாலே முதல் வேலையாகத் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

"ஏசுநாதரே இறங்கி வந்தாலும் செருப்பு வாரு சரியா கட்டியிருக்கான்னுதான் நீ பாப்ப," என்பாள் அவர் மனைவி மேவிஸ்.

"வந்தா பாக்கத்தான் செய்வேன். அன்னிக்கு ஊரே அவரைத்தானே பாக்கும்? யாராவது முன்னாடியே சொல்ல வேண்டாமா?"

வார்டேல் ரெஜிமென்ட்டில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, அதன் சார்ஜன்ட் மேஜராக வெளியே வந்தவர். முகத்துக்கு நேரே எல்லோரும் 'சார்' என்றார்கள். முதுகுக்குப் பின்னால் 'பட்டன்' என்றார்கள். அது அவருக்குத் தெரியும். தெரிந்தது போலக் காட்டிக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது என்று மேவிஸ் சொல்கிறாள்.

ஆனால் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ரெஜிமென்ட்டே தப்புக் கண்டுபிடிப்பதில் பேர்போனது. அதற்கு ஒரு பழைய படம்தான் காரணம்.

சார்ஜன்ட்களின் மெஸ்ஸில், சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் அது தொங்குகிறது. எந்தக் காலத்திலோ ஃபிளாண்டர்ஸ் சீமையில் ஒரு அவரைக்காய் வயலில் எங்கள் ஆட்கள் பகல் முழுக்கப் படுத்துக் கிடந்து, சாயங்காலம் எழுந்து போய்ச் சண்டையை ஜெயித்தார்கள். அதனால்தான் வருஷா வருஷம் ஜூனில் 'அவரை நாள்' கொண்டாட்டம். அன்றைக்குத் தொப்பியில் அவரைப் பூ செருகாமல் ஒரு சிப்பாயும் வெளியே தலைகாட்ட மாட்டான். படத்தை வரைந்தவர் லண்டன்காரர். அவரையைத் தட்டில் மட்டுமே பார்த்தவர். தானாக நிமிர்ந்து நிற்கிற வயல் அவரையை, குச்சி நட்டு, கொடியாக ஏற்றி, ஆளுயரத்துக்குப் பந்தலே போட்டுவிட்டார். படம் வந்திறங்கிய நாளில் அதன் முன்னால் நின்ற சிப்பாய்கள் அத்தனை பேரும் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். குதிரை மேல் இருந்த தளபதியை ஒருவனும் பார்க்கவில்லை. செத்துக் கிடந்தவர்களையும் பார்க்கவில்லை. பந்தலைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்று பிடித்த வழக்கம் இன்னும் விடவில்லை. புதிதாக சார்ஜன்ட் ஆனவன் அவரை நாள் விருந்தில் எழுந்து போய், மெஸ்ஸில் இருக்கிற ஏதாவது ஒரு படத்தில் இதுவரை யாரும் சொல்லாத தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் பேரில் எல்லோரும் குடிப்பார்கள். சொல்லத் தெரியாவிட்டால் அவன் காசில் எல்லோரும் குடிப்பார்கள். இதில் மாட்டிக்கொண்டவர்கள் படத்தில் இருக்கிறவர்கள்தான். அவரை வயல் படத்தில் ஒரு டிரம்மர் பையனுக்கு இரண்டும் இடது கையாக அமைந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் 'ரெட்டை இடக்கையன்' என்கிற பேர் அவனை விடவில்லை. அவன் அன்றைக்கு மார்பில் குண்டு வாங்கிச் செத்தவன் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை.

கத்பர்ட் சார்ஜன்ட் ஆன வருஷம், இனிமேல் இந்தப் படத்தில் கண்டுபிடிக்க ஒன்றுமே மிச்சமில்லை என்று எல்லோரும் கிளாஸைத் தயாராக வைத்திருந்தார்கள். அவர் படத்தின் முன்னால் போய் விறைப்பாக நின்றார்.

"பீரங்கிப் புகை இடது பக்கம் போகுது, சார். நம்ம கொடி வலது பக்கம் பறக்குது. ஒரே காத்துல ரெண்டும் நடக்காது."

எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அப்புறம் மேசைகள் அதிர்ந்தன. தலைமுறை தலைமுறையாக அத்தனை பேர் பார்த்தும் யார் கண்ணிலும் படாத காற்று அது. அன்றிலிருந்து அவர்தான் அந்த விளையாட்டில் ராஜா. ஓய்வு பெற்ற பிறகும் கத்பர்ட்டைக் கூப்பிடாமல் அவரை நாள் விருந்து நடந்ததில்லை.

கொரியா யுத்தத்தைப் படமாக வரையப் போகிறார்கள் என்று கர்னல் அறிவித்தபோது கத்பர்ட் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. சீனர்கள் அலையலையாக ஏறி வந்த அந்த மலையில் கார்ப்பரலாக இருந்தவர் அவர். படத்தில் வரப்போகிறவர்களில் பாதிப் பேர் அவர் கையின்கீழ் இருந்த பையன்கள். சீருடை, ஆயுதம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று கர்னல் சொல்லி முடிப்பதற்குள், வேறு யாராவது கையைத் தூக்கிவிடப் போகிறார்களே என்று இவர் எழுந்து நின்றுவிட்டார்.

காரணம் ஆர்ச்சி மெட்கால்ஃப். ஹார்ல்பி சந்தைச் சதுக்கத்தில் கசாப்புக் கடை வைத்திருக்கும் ஐவியின் தம்பி. பள்ளிக்கூடத்தில் கத்பர்ட்டோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்தவன், அந்த மலையை விட்டு இறங்காதவன். இப்போது அவன் மெஸ் சுவரில் ஏறப் போகிறான். ஏறினால் வருஷா வருஷம் ஒரு புது சார்ஜன்ட் அவன் முன்னால் வந்து நின்று, பீர் வாசனையோடு அவனை மேலும் கீழும் பார்ப்பான். ஒரு வார் தப்பாக இருந்தால் போதும், ஆர்ச்சிக்கும் ஒரு பட்டப்பேர் வைத்து நூறு வருஷம் சிரிப்பார்கள். அது மட்டும் நடக்கக் கூடாது என்று கத்பர்ட் முடிவு செய்துவிட்டார்.

படம் வரைய வந்தவள் ஃப்ரான்செஸ் என்கிற பெண். லீட்ஸிலிருந்து ஒரு பழைய வேனை ஓட்டிக்கொண்டு வருவாள். விரல் நகமெல்லாம் பச்சையும் நீலமுமாக இருக்கும். பென்சிலால் போட்ட முதல் வரைவை கத்பர்ட்டின் வீட்டு முன்னறையில் விரித்து வைத்தாள். மேவிஸ் தேநீரும் பழக் கேக்கும் பாலாடைக்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தாள். கத்பர்ட் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தவர், நிமிரவே இல்லை.

"இந்த பூட்ஸ் அந்த வருஷம் எங்களுக்கு வரல. இவன் தண்ணி பாட்டில் தப்பான பக்கம் தொங்குது. இந்த மேகம்…"

"மேகத்துக்குமா சீருடை இருக்கு, மிஸ்டர் ஆல்டர்சன்?"

"மேகம் சரியாத்தான் இருக்கு. அதைத்தான் சொல்ல வந்தேன்." அவர் விரல் வலப்பக்கம் மூன்றாவது ஆளிடம் வந்து நின்றது. "இந்தப் பையன் கழுத்து ஏன் இப்படித் திறந்து கெடக்கு?"

"அவங்க அக்கா குடுத்த போட்டோவுல அப்படித்தான் இருக்கு."

"போட்டோ தப்பு."

"போட்டோ எப்படிங்க தப்பாகும்?"

"சீருடை விதிப்படி இல்லன்னா தப்புதான்."

ஃப்ரான்செஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள். "சரி, இவர் எப்படி இருப்பாருன்னு நீங்களே சொல்லுங்க."

"அஞ்சடி எட்டு அங்குலம். பழுப்பு முடி. இடது புருவத்துல ஒரு தழும்பு."

"அது அளவு. நான் ஆளைக் கேட்டேன்."

கத்பர்ட் தேநீரைக் கலக்கினார். ஏற்கெனவே கலக்கின தேநீர்தான். கடைசியில், "பட்டனைப் போட்டுடுங்க," என்றார்.

அவள் வேனை எடுத்துக்கொண்டு போன பிறகு, மேவிஸ் கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஆர்ச்சின்னு பேரைச் சொன்னாலே நீ பட்டனைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடற. கல்யாணமான நாள்லேர்ந்து பாக்கறேன்."

"பட்டன் முக்கியம், மேவிஸ்."

"இருக்கட்டும். நான் பட்டனைப் பத்திக் கேக்கல."

அவர் தோட்டத்துக்குப் போய், ஏற்கெனவே நேராக இருந்த வெங்காய வரிசையை நேராக்கினார்.

படம் முடிவதற்குள் ஃப்ரான்செஸ் அவரைப் பார்த்தாலே பல்லைக் கடிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள். ஆனால் கேட்டதையெல்லாம் செய்தாள். அவரை நாளன்று சுவரில் திரை விலகியபோது மெஸ்ஸில் ஒரு பெருமூச்சு எழுந்தது. விடியப்போகிற மலை, புகை, தோளோடு தோளாக எங்கள் பையன்கள். நல்ல படம், யார் பார்த்தாலும் தெரியும். மரியாதைக்கு ஒரு நிமிஷம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். அந்த ஒரு நிமிஷம் முடிந்ததும் மூக்குக் கண்ணாடிகள் வெளியே வந்தன.

முதலில் போனது நோர்மன் ஃபாசெட். கத்பர்ட்டோடு அதே மலையில் இருந்தவர், அன்றிலிருந்து அவரோடு சண்டை போடுவதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர். பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். தபால்தலை சேர்க்கிற மருமகனிடமிருந்து இதற்காகவே இரவல் வாங்கி வந்தது.

"துப்பாக்கி… சரி. மண்வெட்டி… சரி. ஹெல்மெட் வலை… அடப்பாவி, அதுவும் சரி." வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு கீழ் மூலை வரைக்கும் குனிந்து பார்த்தார். "என் மூக்கு பெருசா இருக்கு. அது தப்புல சேருமா?"

"பாதிதான் வரைஞ்சிருக்கா, இடம் பத்தல," என்றது ஒரு குரல்.

"எழவு, ஒரு தப்பும் இல்லய்யா. பட்டன் ஜெயிச்சிட்டான்!"

முகத்துக்கு நேரே அந்தப் பேர் வந்துவிட்டது. எல்லோரும் திகைத்தார்கள். கத்பர்ட் கோபப்படவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். அந்த வருஷத்துப் புது சார்ஜன்ட்டும் தோற்று, எல்லோருக்கும் பீர் வாங்கினான். நூறு வருஷத்தில் முதல் தடவையாகத் தப்பில்லாத படம் ஒன்று அந்தச் சுவரில் ஏறியிருக்கிறது என்று கர்னல் எழுந்து சொன்னார். கத்பர்ட் மாட்டுக்கறி வறுவலையும் புட்டிங்கையும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஆர்ச்சி தப்பித்துவிட்டான்.

விருந்துக்கு ஐவி மெட்கால்ஃபையும் அழைத்திருந்தார்கள். இறைச்சி வெட்டி வெட்டித் தோள் அகன்ற, வாய்க்கு ஊரே பயப்படுகிற மனுஷி. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க ஆர்ச்சி எங்க, கத்பர்ட்?"

அவர் பெருமையோடு கையைக் காட்டினார். "அதோ. வலப்பக்கம் மூணாவது."

ஐவி பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது யாரு?"

"ஆர்ச்சி, ஐவி."

"மூக்கு அவன் மூக்கு. காது எங்கப்பா காது. தழும்புகூட இருக்கு. ஆனா இது எங்க ஆர்ச்சி இல்ல." அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டம். "யாரோ கழுவித் துடைச்சு, இஸ்திரி போட்டு நிக்க வெச்ச மாதிரி இருக்கான். அவன் ஜென்மத்துல கழுத்துப் பட்டன் போட்டது கெடையாது. பள்ளிக்கூடத்துல அதுக்காகவே பிரம்படி வாங்குவான். எங்கம்மாவை அடக்கம் பண்ணினப்பகூட திறந்துதான் போட்டிருந்தான், மூச்சு முட்டுதுன்னான். நான் இவனைப் பாக்கவா புதுத் தொப்பி வாங்கிப் போட்டுக்கிட்டு வந்தேன்?"

பக்கத்தில் நின்ற நோர்மனுக்கு 'தப்பு!' என்று கத்துவதற்கு வாய் பாதி திறந்துவிட்டது. மூடிக்கொண்டார். அவரை அறிந்த காலத்திலிருந்து அப்படி மூடியதை யாரும் பார்த்ததில்லை.

கத்பர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரும் சிரிக்க முடியாதபடி ஆர்ச்சியைக் காப்பாற்றிவிட்டார், சரிதான். காப்பாற்றிய கையோடு அவனைத் துடைத்தே எடுத்துவிட்டார் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. மேவிஸ் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டாள். அவருடைய தொப்பியில் வாடித் தொங்கிய அவரைப் பூவை எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை வழக்கம்போல சாசேஜ் வாங்க கசாப்புக் கடைக்குப் போனார். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் போகட்டும் என்று காத்திருந்தார். ஐவி கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டாள்: "எப்பவும் வாங்கறதுதானா?"

"அன்னிக்கு ராத்திரி நான்தான் அவன்கிட்ட கடைசியாப் பேசினேன்," என்றார் கத்பர்ட்.

கத்தி நின்றது.

"அவங்க ஏறி வர்ற சத்தம் கேட்க ஆரம்பிச்சாச்சு. பதுங்குகுழி குழியாப் போய் எல்லாரையும் பாத்துக்கிட்டு வந்தேன். அவன் கழுத்தைத் திறந்து போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். 'பட்டனைப் போடுடா, மெட்கால்ஃப்'னேன். ஆர்ச்சின்னுகூடக் கூப்பிடல. அதுக்கப்புறம் நான் அவனை உயிரோட பாக்கல." அவர் மர மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா இந்தக் கடைக்கு வர்றேன், ஐவி. ஒரு தடவைகூட இதை உன்கிட்ட சொல்ல வாய் வரல."

"அவன் என்ன சொன்னான்?"

"என்ன?"

"நீ சொன்னே. அவன் பதில் சொல்லாம இருந்திருக்க மாட்டானே. எங்க ஆர்ச்சியா சும்மா இருப்பான்?"

கத்பர்ட் தரையைப் பார்த்தார். "'ஏன், சீனாக்காரன் என்ன இன்ஸ்பெக்ஷனுக்கா வர்றான்?'னான்."

ஐவிக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. அப்புறம் கடையே குலுங்கியது. ஏப்ரனைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் சிரித்தாள், மறுபடியும் துடைத்துக்கொண்டாள்.

"பயந்துக்கிட்டே செத்திருப்பானோன்னு நெனச்சிருந்தேன்," என்றாள். "தனியா, இருட்டுல, பயந்துக்கிட்டு. என்னை அப்படியே நெனச்சுக்கிட்டு இருக்க விட்டுட்டியே, மடையா. நீ சிரிச்சியா அப்ப?"

"இல்ல. வாயை மூடுன்னேன்."

"அதானே." அவள் சாசேஜை மடித்துக் கட்டினாள். எப்போதும் வைப்பதைவிட இரண்டு அதிகம் வைத்தாள். "அந்தப் பட்டனைத் திறந்து விடச் சொல்லு."

சொல்வது சுலபம். ரெஜிமென்ட்டின் படங்களை யாரும் திருத்தியதே கிடையாது. ரெட்டை இடக்கையனுக்கே வலது கை கொடுக்க மறுத்தவர்கள். கர்னல் தலையைச் சொறிந்தார். "படத்தைத் திருத்தினா இந்த வழக்கமே போயிடுமே, மிஸ்டர் ஆல்டர்சன். நீங்களே இதைக் கேக்கலாமா?"

"திருத்தச் சொல்லல, சார்," என்றார் கத்பர்ட் விறைப்பாக. "இருக்கற படத்துல ஒரு தப்பு சேக்கச் சொல்றேன்."

தப்பைச் சேர்க்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. கர்னல் கையை விரித்துவிட்டார்.

லீட்ஸிலிருந்து ஃப்ரான்செஸ் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து, மெஸ் நாற்காலி மேல் ஏறி நின்றாள். கத்பர்ட் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தூரிகை நாலு தடவை அசைந்திருக்கும். கழுத்து திறந்துகொண்டது. அவள் இறங்கப் போனாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றார் அவர்.

"இன்னும் திறக்கணுமா?"

"ரெண்டாவது பட்டனையும். காலர் ஒரு பக்கம் மடிஞ்சு உள்ளே போயிருக்கும். இடது பக்கம்." கொஞ்சம் தயங்கினார். "அப்புறம் வாய்… இந்த ஓரத்துல லேசா… எப்பப் பாத்தாலும் அடுத்து எதையோ சொல்லப் போறவன் மாதிரியே இருப்பான்."

ஃப்ரான்செஸ் திரும்பி அவரைப் பார்த்தாள். "இதைத்தான் நான் அன்னிக்குக் கேட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி படத்தின் பக்கம் திரும்பினாள்.

அடுத்த ஜூனில் ஹார்க்கர் என்கிற இளைஞன் புது சார்ஜன்ட். அவனை யாரோ பக்கத்தில் இருந்து கிள்ளிவிட்டு கொரியாப் படத்தின் முன்னால் அனுப்பியிருக்கிறார்கள். நோர்மனாகத்தான் இருக்கும். பையன் போய் நின்ற மாத்திரத்தில் துள்ளினான்.

"கண்டுபிடிச்சிட்டேன், சார்! வலப்பக்கம் மூணாவது ஆள். கழுத்துப் பட்டன் போடல. ஒண்ணு இல்ல, ரெண்டு!"

எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில் விருந்தாளிகள் மேசைப் பக்கம் திரும்பியது. கத்பர்ட் எழுந்தார். பழக்கதோஷம், அவர் கண் முதலில் ஹார்க்கரின் கழுத்துக்குத்தான் போனது. பையன் தன்னையறியாமல் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"அது தப்பில்ல, தம்பி," என்றார் கத்பர்ட். "அது ஆர்ச்சி. வேற பாரு."

"ஆனா சார், விதிப்படி பட்டன் போட்டிருக்கணுமே?"

அப்போது கத்பர்ட்டுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து, அதே புதுத் தொப்பியோடு, கசாப்புக் கடைக்கே உரிய தொண்டையில் ஐவி கேட்டாள்:

"ஏன், சீனாக்காரன் என்ன இன்ஸ்பெக்ஷனுக்கா வர்றான்?"

மேசைகள் அதிர்ந்தன. நோர்மன் கையில் இருந்த பீர் பாதி அவர் மடியிலேயே கொட்டியது. "ஆர்ச்சிக்கு!" என்று யாரோ எழுந்தார்கள், எல்லோரும் எழுந்தார்கள். கிளாஸைக் கையில் பிடித்தபடி கத்பர்ட் ஆல்டர்சன் சிரித்தார். முதலில் இருமல் போலத்தான் வந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர வர, கழுத்து முட்டிக்கொண்டு மூச்சுத் திணறியது. மேவிஸ் எட்டி அவருடைய மேல் பொத்தானைக் கழற்றிவிட்டாள். அவர் தடுக்கவில்லை.